பேய்க்கும் வயசு பதினாறு

விலாசத்தில் 'நாகமலை புதுக்கோட்டை' என்று எழுதினால் பாதிப் பேர் நம்மை புதுக்கோட்டை ஜில்லாவுக்கு டிரான்ஸ்பர் செய்துவிடுகிறார்கள். அது வேறு ஸார். இது மதுரையிலிருந்து தேனி ரோட்டில் போனால் யுனிவர்சிட்டிக்கு முன்னால் வருகிற ஊர். ஊருக்குப் பக்கத்தில் ஒரு மலை நீளமாகப் படுத்திருக்கும். அது பாம்பு என்கிறது திருவிளையாடல் புராணம். மதுரையை விழுங்க வந்த மாய நாகத்தைப் பாண்டியன் அம்பெய்து சாய்க்க, அது மலையாகிவிட்டதாம். அனுப்பியது யார் என்பது பழைய மதச் சண்டை. அந்தப் பக்கம் நான் போகவில்லை.

இதே போல யானை ஒன்று வந்தது. அது யானைமலை. அடுத்து ஒரு மாயப் பசு. அதை எதிர்க்க நந்தி, காளையாகப் போய் நின்றது. பசு, காளையின் அழகைப் பார்த்து மயங்கி அப்படியே விழுந்துவிட்டது. அது பசுமலை. கவனித்தீர்களா? பயங்கரமாக ஆரம்பித்த கதை, மூன்றாவது பாகத்திலேயே லவ் ஸ்டோரி ஆகிவிட்டது. தமிழ் சினிமாவின் வியாதிக்கு மதுரைப் பக்கம் அப்போதே விதை போட்டாகிவிட்டது.

சினிமாவுக்கு வருகிறேன். நான் விமர்சகன் கிடையாது. காமிரா கோணம், எடிட்டிங் இதெல்லாம் தெரியாது. காசு கொடுத்து உட்கார்ந்து, பிடித்தால் பார்த்து, பிடிக்காவிட்டால் முறுக்கு தின்கிற கட்சி. ஆனால் இரண்டு ரகப் படம் என்றால் விடமாட்டேன். ஒன்று பேய்ப் படம். இன்னொன்றுக்குத் தமிழில் சரியான பெயர் இல்லை. பையனும் பெண்ணும் வளர்கிற கதை. வசதிக்கு 'மீசை முளைக்கிற படம்' என்று வைத்துக்கொள்வோம்.

பெயர் இல்லாததற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் பெண் பிள்ளை வயசுக்கு வந்தால் தாய்மாமன் சீர், தட்டு வரிசை, மைக் செட், ஃப்ளெக்ஸ் போர்டு. அவளுக்குக் கூச்சமாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை; அது தனிக் கொடுமை. பையனுக்கோ ஒன்றுமே கிடையாது. குரல் உடைந்தால், "தொண்டை கட்டிருச்சு, பனங்கல்கண்டு போட்டுக் குடி." மீசை அரும்பினால், "எருமை மாதிரி வளந்திருக்க, ஒரு பால் பாக்கெட் வாங்கிட்டு வரத் தெரியலை." அவ்வளவுதான் சடங்கு, முடிந்தது.

இந்த இரண்டு ரகத்துக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் தமிழில் நல்ல மீசைப் படம் எடுத்தவர்கள் வரிசையைப் பாருங்கள்.

எங்கள் ஊர் வழியாகப் போகிற அதே ரோட்டின் அந்தக் கோடியில், தேனி அல்லிநகரத்திலிருந்து வந்தவர் பாரதிராஜா. 1977-ல் '16 வயதினிலே'. டீச்சர் ஆகக் கனவு கண்ட மயிலு, ஒரு டவுன்காரனை நம்பி ஏமாந்து, உலகத்தைப் புரிந்துகொள்கிற கதை. கமல், ஸ்ரீதேவி. மறு வருஷமே, 1978-ல் 'சிகப்பு ரோஜாக்கள்'. அதே டைரக்டர், அதே கமல், அதே ஸ்ரீதேவி. பச்சைப் புல்வெளி போய்விட்டது. பங்களா, கறுப்புப் பூனை, கொலை.

தற்செயல் என்பீர்கள். சரி, பாலு மகேந்திரா. 1979-ல் 'அழியாத கோலங்கள்'. மூன்று பையன்கள், ஒரு டீச்சர். டீச்சராக ஷோபா, அவருக்கு வாய்த்தவராக பிரதாப் போத்தன். அடுத்த வருஷம் 'மூடுபனி'. அதே ஷோபா, அதே பிரதாப் போத்தன். ஆனால் இந்தத் தடவை அவர் கொலைகாரர்.

அதோடு விட்டதா? 1981-ல் 'பன்னீர் புஷ்பங்கள்'. ஊட்டி, ஸ்கூல் யூனிஃபார்ம். பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசுகிற வாத்தியார் யார்? மறுபடி பிரதாப் போத்தன்! எழுபத்தொன்பதில் காதலன், எண்பதில் கொலைகாரன், எண்பத்தொன்றில் வாத்தியார். ஆபீஸில் இத்தனை வேகமாக யாருக்கும் பிரமோஷன் வந்ததில்லை. அந்தப் படத்தை சந்தானபாரதியோடு சேர்ந்து இயக்கிய பி. வாசுதான் 2005-ல் 'சந்திரமுகி' எடுத்தார். சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளைத் தாண்டி ஓடிய படம்.

இத்தனை பேருக்குமா தற்செயல்? எனக்குத் தோன்றுவது இதுதான். இரண்டும் ஒரே கதை. பையன் சரியாக வளர்ந்தால் அது மீசைப் படம். வளர்கிறபோது எங்கோ முறுக்கிக்கொண்டால் அது பயங்கரப் படம்.

'சிகப்பு ரோஜாக்க'ளில் அந்த மனுஷன் ஏன் அப்படி ஆனான்? சின்ன வயசில் தலையில் விழுந்த வீண்பழி. ஓடிப்போய் ஒதுங்கிய இடத்தில், வெறுப்பையே சோறு மாதிரி ஊட்டி வளர்த்த ஒரு பெரிய மனுஷர். 'மூடுபனி'யில்? அப்பா, அம்மாவைப் படுத்திய பாட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. 'சந்திரமுகி'க்கு மூலமான மலையாள 'மணிச்சித்திரத்தாழு' (1993) இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. அந்தக் கங்கா, அப்பா அம்மா கல்கத்தாவில் இருக்க, பாட்டியோடு கதை கேட்டுக்கொண்டு தனியாக வளர்ந்த பெண். கொலைக்கு இதெல்லாம் நியாயம் ஆகாது ஸார். இதே மாதிரி கஷ்டப்பட்டு, ஒழுங்காக மாசச் சம்பளம் வாங்கி, கேஸ் சிலிண்டருக்கு புக் பண்ணுகிறவர்கள் லட்சம் பேர். நான் சொல்வது ஒன்றுதான். மீசைப் படத்தில் காது கொடுத்துக் கேட்கிற பெரியவர் ஒருத்தராவது இருக்கிறார். பயங்கரப் படத்தில் அந்த ஒருத்தர் இல்லை.

சரி, நிஜமான பேய்களுக்கு வருவோம். (சினிமாவில் நிஜமான என்று அர்த்தம்.) எண்பது வயசு வரை வாழ்ந்து, பேரன் பேத்தி எடுத்து, நல்லபடியாகச் செத்த தாத்தா பேயாக வந்து மிரட்டிய படம் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? பேய் என்றாலே பெரும்பாலும் இளசு. 'ஈரம்' (2009) படத்தில் கல்யாணமாகி, சந்தேகத்துக்குப் பலியான பெண். 'பிசாசு' (2014) படத்தில் ரோட்டில் அடிபட்டுச் சாகிற சின்னப் பெண். பாதி வாழ்க்கையில் நிறுத்தப்பட்டவர்கள்தான் திரும்பி வருகிறார்கள். வளர விடாமல் தடுக்கப்பட்ட ஆளுக்குத் தமிழ் சினிமா வைத்திருக்கும் பெயர்தான் பேய்.

'காஞ்சனா' (2011) வெறும் காமெடி என்று நினைத்தீர்களா? சரத்குமார் வேஷம் கட்டிய அந்தத் திருநங்கையைப் பெற்றவர்களே வீட்டை விட்டு விரட்டுகிறார்கள். அப்புறம் ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலத்தையும் ஒரு எம்.எல்.ஏ. பிடுங்கிக்கொண்டு கொன்றுவிடுகிறார். உயிரோடு இருந்தபோது எந்த ஸ்டேஷனிலும் நடக்காத நியாயத்தைச் செத்த பிறகு வந்து வாங்க வேண்டியிருக்கிறது. நம் ஊர்ப் பேய்கள் எல்லாம் மனு கொடுத்துக் களைத்தவை.

அதே படத்தில் ஹீரோ ராகவா லாரன்ஸைப் பாருங்கள். கட்டுமஸ்தான ஆள், இருட்டினால் நடுங்குகிறார். பாத்ரூம் போகக்கூட அம்மா கோவை சரளா துணைக்கு வேண்டும். பேய் உள்ளே புகுந்த பிறகுதான் அவருக்கு முதுகெலும்பே நிமிர்கிறது. என் கணக்கில் அது மீசைப் படம். என்ன, மீசை கொஞ்சம் லேட்.

வெளிநாட்டுக்காரனுக்கும் இது தெரிந்திருக்கிறது. பேய்க் கதையில் கொடி நாட்டிய ஸ்டீபன் கிங் எழுதிய 'கேரி', 1976-ல் படமாக வந்தது. வயசுக்கு வருகிற ஒரு பெண்ணை வீட்டில் அம்மாவும் ஸ்கூலில் மற்ற பிள்ளைகளும் வதைக்க, அவள் ஊரையே எரிக்கிற கதை. அதே கிங் எழுதிய இன்னொரு கதை 1986-ல் 'ஸ்டாண்ட் பை மீ' என்று வந்தது. நாலு பையன்கள் ரயில் தண்டவாளத்தைப் பிடித்து நடந்து ஒரு பிணத்தைப் பார்க்கப் போகிறார்கள். பேயே இல்லை. ஆனால் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவர்கள் பழைய பையன்கள் இல்லை. நம் 'அழியாத கோலங்க'ளில் இதே வேலையை ஒரு சாவு செய்கிறது. மூன்று பேரில் ஒருவன் தண்ணீரில் மூழ்கிப் போய்விடுகிறான். எந்தப் பேய்ப் படத்திலும் அடிக்காத அளவுக்கு அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

இப்போது என் புகார்ப் பட்டியல். ஒன்று, சத்தம் வேறு, பயம் வேறு. காதுக்குப் பக்கத்தில் தகர டின்னைத் தட்டினால் மாடுகூடத்தான் மிரளும். 'யாவரும் நலம்' (2009) படத்தில் மாதவன் குடும்பம் ஆசையாகப் புது ஃப்ளாட்டுக்குக் குடி போகிறது, டி.வி. சீரியலில் வீட்டுக் கதை அப்படியே ஓடுகிறது. அதுதான் பயம்! வீட்டு லோன் கட்டுகிறவர்களுக்கு டபுள் பயம். பேய் வந்தால்கூடக் காலி பண்ண முடியாதே. இரண்டு, மீசைப் படங்கள் எல்லாம் பாதியில் பசுமலை ஆகிவிடுகின்றன. வளர்வது என்றால் லவ் பண்ணுவது மட்டும்தானா? அப்பாவிடம் பயம், கணக்குப் பரீட்சை, பருக்கள், காசில்லாத பாக்கெட், இதெல்லாம் யார் எடுப்பார்கள்? அந்த வகையில் பாண்டிராஜின் 'பசங்க'வுக்கு (2009) ஒரு சலாம். பையன்கள் சண்டைக்கு மருந்து, பெரியவர்கள் வாயை அடக்குவது என்று அதில் வருகிற வாத்தியார் பக்கத்து வீட்டு அப்பாவுக்கு எடுத்துச் சொல்கிறார்.

மூன்றாவது புகார் படத்தின் மேல் கிடையாது. மதுரையில் தங்கம் தியேட்டர் என்று ஒன்று இருந்தது. 1952-ல் 'பராசக்தி'யோடு திறந்தது. 2,500 சீட்டுக்கு மேல். இப்போது அந்த இடத்தில் ஜவுளிக்கடை. அந்த மாதிரி ஹாலில் பேய் வந்தால் முன் சீட்டுக்காரன் கத்துவான், பின் சீட்டுக்காரன் விசிலடிப்பான், நம் பயம் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு பிரிந்துவிடும். இப்போது பையன் கதவைச் சாத்தி, காதில் ஒயரை மாட்டி, உள்ளங்கையளவு செல்போனில் ராத்திரி ஒரு மணிக்குத் தனியாகப் பார்க்கிறான். மொத்தப் பயமும் அவன் ஒருத்தன் தலையில்.

என் செக்‌ஷன் நண்பர் ஒருத்தர் இதையே வேறு மாதிரிச் சொன்னார்.

"அண்ணே, பத்தாவது படிக்கிற பய. கேட்டா பதில் இல்லை. இங்கிட்டும் அங்கிட்டும் பாக்குறதில்லை. கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்துர்றான். பேய் பிடிச்ச மாதிரி இருக்கான்ணே."

"நீங்க அவன்கிட்ட கடைசியா என்ன பேசுனீங்க?"

யோசித்தார். "மார்க் ஷீட்ல கையெழுத்துப் போடுறப்ப 'நான் உன் வயசுல'ன்னு ஆரம்பிச்சேன்."

"சனிக்கிழமை ராத்திரி 'பிசாசு' படத்தை அவன்கூட உக்காந்து பாருங்க. நடுவுல புத்தி சொல்லக் கூடாது. முடிஞ்சதும் டீ போட்டுக் குடுங்க. அவ்வளவுதான்."

திங்கட்கிழமை வந்தார். முகத்தில் ஒரு மாதிரி வெளிச்சம். படம் முடிந்ததும் பையன் கேட்டானாம், "உங்களுக்கு என் வயசுல எதுக்குப்பா பயம்?" இவர் பதினைந்து வருஷமாக வீட்டில் கணக்குப் புலி என்று பெயர் வாங்கியவர். அன்றைக்குத்தான் உண்மையைச் சொல்லியிருக்கிறார். பத்தாவதில் கணக்கில் 34. ஒரு மார்க்கில் அவுட். மார்க் ஷீட்டை நாலு நாள் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்ததையும், அஞ்சாம் நாள் அம்மா அரிசி அளக்கும்போது அது படியோடு வந்ததையும்.

பையன் சிரித்த சிரிப்பில் இவருக்கும் சிரிப்பு வந்துவிட்டதாம். அப்புறம் அவனும் மெதுவாக ஆரம்பித்தானாம், கிளாஸில் ஒருத்தன் படுத்துகிற பாடு, அல்ஜீப்ரா, இன்னும் என்னென்னமோ. என்னிடம் எல்லாம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மத்தியானம் அவர் வீட்டம்மாவிடமிருந்து எனக்கு போன்.

"அண்ணே, என்ன படம் பாக்கச் சொன்னீங்க? சனிக்கிழமையிலருந்து அப்பனும் மகனும் ராத்திரி ஒரு மணிக்கு உக்காந்து கெக்கெக்கேன்னு சிரிக்கிறாங்க. கோடாங்கிக்காரரைக் கூப்பிடவா, வேணாமா?"