திருடனுக்குத் துணைபோகும் மௌனம்

2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். பஞ்சாப் மாநிலம் லூதியானாவில், வர்த்மான் நூற்பாலைக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் அவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அவருக்கு வயது 82. மத்தியப் புலனாய்வு அதிகாரிகள் என்று தங்களை அறிமுகம் செய்துகொண்டவர்கள், சட்டவிரோதப் பணப் பரிமாற்ற வழக்கொன்றில் அவர் பெயர் சேர்க்கப்பட்டிருப்பதாக மிரட்டினார்கள். காணொளி அழைப்பின் வழியாகவே அவரைக் கண்காணிப்பில் வைத்தார்கள். இந்தியத் தலைமை நீதிபதியின் பெயரில் ஒரு பொய்யான விசாரணையையும் நடத்திக் காட்டினார்கள். விளைவு? 7 கோடி ரூபாய் கைவிட்டுப் போனது.

அன்பர்களே, இந்தச் செய்தியைப் படித்ததும் நம் உள்ளத்தில் எழும் முதல் கேள்வி என்ன? "இவ்வளவு பெரிய மனிதர் எப்படி ஏமாந்தார்?" என்பதுதானே! அவர் பேராசையால் ஏமாறவில்லை. உலக அனுபவம் இல்லாமலும் ஏமாறவில்லை. அவரை வீழ்த்தியது அச்சம். ஏமாற்றுவோர் நம் ஆசையை மட்டும் தூண்டிய காலம் போய்விட்டது. இன்று அவர்கள் நம் மானத்தின் மீதும் அச்சத்தின் மீதும் கை வைக்கிறார்கள்.

இந்த மோசடிக்கு 'டிஜிட்டல் கைது' என்று பெயர். "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது", "உங்கள் ஆதாரை வைத்து யாரோ வங்கிக் கணக்கு தொடங்கியிருக்கிறார்கள்" என்று பேச்சு தொடங்கும். அடுத்துக் காக்கிச் சீருடையில் ஒருவர் திரையில் தோன்றுவார். அதற்கடுத்து வரும் கட்டளைதான் மிக முக்கியமானது: "அழைப்பைத் துண்டிக்கக் கூடாது. வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது!" ஏன் இந்தக் கட்டளை? பக்கத்து அறையில் இருக்கும் மகனிடமோ மருமகளிடமோ ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாடகம் கலைந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்தியச் சட்டத்தில் 'டிஜிட்டல் கைது' என்ற ஒன்றே கிடையாது. எந்தக் காவல் துறையும் காணொளியில் ஒருவரைக் கைது செய்வதில்லை. விசாரணைக்காகப் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்வதுமில்லை. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமர் தம் வானொலி உரையிலேயே இதைக் குறிப்பிட்டு எச்சரித்தார். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இந்த மோசடிகளைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது.

"என் ஆதார் எண்ணைச் சரியாகச் சொன்னாரே! அதனால்தான் நம்பினேன்" என்பார் பலர். சற்றுச் சிந்திப்போம். சிம் கார்டு வாங்கும்போதும், வாடகை வீடு பார்க்கும்போதும், விடுதியில் தங்கும்போதும் நம் ஆதார் நகலை எத்தனை இடங்களில் கொடுத்திருக்கிறோம்? நம் எண்ணை ஒருவர் சொல்வதால் அவர் அதிகாரி ஆகிவிடமாட்டார். நம் விவரம் எங்கிருந்தோ அவர் கைக்குப் போயிருக்கிறது என்பதே அதன் பொருள். கடைசி நான்கு எண்களை மட்டும் காட்டும் ஆதார் நகலை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கைரேகைப் பதிவைப் பூட்டி வைக்கவும் அங்கே வழியுண்டு. நம் பெயரில் எத்தனை கைபேசி இணைப்புகள் உள்ளன என்பதை அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை என்பதையும் நினைவில் கொள்வோம்.

இந்த வேடம் அதிகாரிகளோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் குருக்கள், ஆயர்கள், போதகர்கள் பெயரில் இறைமக்களுக்குப் பொய்யான மின்னஞ்சல்கள் போயின. "நோயாளி ஒருவருக்கு உதவ வேண்டும், பரிசு அட்டை வாங்கி அதன் எண்ணை உடனே அனுப்புங்கள்" என்பது போன்ற வேண்டுகோள்கள் அவற்றில் இருந்தன. 2019-இல் அந்நாட்டு வணிக ஆணையமே வழிபாட்டுக்குச் செல்வோரை இதுபற்றி எச்சரித்தது. நம் பங்குத்தந்தையின் படத்துடன் வாட்ஸ்அப்பில் உதவி கேட்டு ஒரு செய்தி வந்தால், நாம் என்ன செய்ய வேண்டும்? பணம் அனுப்பும் முன், நம்மிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் அவரை அழைத்துக் கேட்போம். அப்படிக் கேட்பது அவமரியாதை ஆகாது. அவர் பெயரைக் காப்பாற்றும் செயல் அது.

பணம் போய்விட்டதா? உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். வங்கிக்கும் சொல்ல வேண்டும். திருடப்பட்ட பணம் ஒரே கணக்கில் தங்குவதில்லை. பல பேருடைய கணக்குகள் வழியாகச் சில மணி நேரத்தில் சிதறிவிடும். அதற்குள் தகவல் கிடைத்தால்தான் வங்கிகள் அதைத் தடுத்து நிறுத்த முடியும். ஓஸ்வால் அவர்கள் தாமதிக்காமல் புகார் செய்தார். 5 கோடி ரூபாய்க்கு மேல் மீட்கப்பட்டது. "உன் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று கேட்பவரிடம் கணக்கைக் கொடுக்கும் நம் இளைஞர்களும் கவனிக்க வேண்டும். சிதறும் பணம் அத்தகைய கணக்குகள் வழியாகத்தான் போகிறது. காவல் துறை முதலில் வந்து நிற்பதும் அந்த வாசலில்தான்.

ஆனால் எத்தனை பேர் உடனே சொல்கிறார்கள்? ஓய்வூதியப் பணத்தை இழந்த தாத்தா, மகளின் திருமணத்துக்குச் சேர்த்ததை இழந்த அம்மா... இவர்கள் வாய் திறக்காததற்குக் காரணம் நாமும்தான். "இவ்வளவு படித்தும் புத்தியில்லையா?" என்று கேட்டுவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்கு அஞ்சி, மீட்கக்கூடிய மணி நேரங்களை அவர்கள் மௌனத்தில் கழித்துவிடுகிறார்கள். திருடன் "யாரிடமும் சொல்லாதே" என்கிறான். நம் ஏளனமும் அதையே சொன்னால், நாம் யார் பக்கம் நிற்கிறோம்?

அடுத்த அன்பியக் கூட்டத்தில் பத்து நிமிடம் இதற்காக ஒதுக்குவோம். 1930 என்ற எண்ணை வீட்டுப் பெரியவர்களின் கைபேசியில் பதிந்து கொடுப்போம். கூடவே, "எது நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் கோபப்பட மாட்டோம்" என்றும் சொல்லிவைப்போம். சொன்ன சொல்லை, அந்த நாள் வரும்போது காப்பாற்றுவோம்.