ஸாண்டா மோனிகா புகட்டும் பாடம்

இணையம் உலகெங்கும் பரவத் தொடங்கிய காலத்தில், ஜனநாயகத்துக்கு இனிப் பொற்காலமே என்று அறிஞர் பலர் நம்பினார்கள். ஏழையும் செல்வனும் ஒரே மன்றத்தில் பேசலாம். ஆளுவோர் ஜனங்களின் குரலை நேரே கேட்கலாம் என்றார்கள். அது வெறுங் கனவன்று. ஆயினும் முழுதும் பலிக்கவுமில்லை. காரணத்தை ஓர் அமெரிக்க நகரத்தின் அனுபவம் தெளிவாய்க் காட்டுகிறது.

கலிபோர்னியா ராஜ்யத்திலுள்ள கடற்கரைப் பட்டணம் ஸாண்டா மோனிகா. இணையம் வீடுகளுக்கு வருமுன்னரே, 1989-ம் வருஷத்தில், அந்நகர ஆட்சியார் ‘பென்’ என்ற கம்ப்யூட்டர் வலையொன்றை நகரவாசிகளுக்கு இலவசமாய்த் திறந்துவிட்டார்கள். வீட்டில் யந்திரமுள்ளவர்கள் டெலிபோன் மூலம் அதில் சேர்ந்தார்கள். இல்லாதவர்களுக்காகப் பொது நூல்நிலையங்களில் யந்திரங்கள் வைக்கப்பட்டன.

வீடின்றித் தெருவில் வசித்தவர்களும் நூல்நிலையத்துக்கு வந்து எழுதினார்கள். குளிக்கவும், துணி துவைக்கவும், மூட்டையை வைக்கவும் இடமில்லாதவனுக்கு எப்படி வேலை கிடைக்கும் என்பதே அவர்கள் வாதம். படித்தவர்கள் அவர்களுடன் கூடித் திட்டம் வகுத்தார்கள். நகரசபை செவிசாய்த்தது, குளியல் வசதிக்கும் சாமான் பெட்டிகளுக்கும் ஏற்பாடாயிற்று. வீதியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள், அதே மனிதனுடைய நியாயத்தை எழுத்தில் கண்டு ஏற்றார்கள். இதனினும் மேலான பயன் வேறென்ன?

பின்னர் நடந்ததென்ன? வசைபாடும் சிலர் மன்றத்தைக் கைப்பற்றினார்கள். ஸ்திரீகள் ஆபாச எழுத்துக்கு இலக்காகி, தங்களுக்கெனத் தனிக் குழு அமைக்க நேர்ந்தது. ஏச்சுப் பொறுக்காமல் நகரசபை அங்கத்தினர் சிலர் விலகினார்கள். கேட்கவேண்டியவர்களே போய்விட்டால் பேச்சினால் என்ன லாபம்?

வலையை நடத்தியது நகர ஆட்சியாதலால், பேச்சுரிமையைக் காக்கும் 1791-ம் வருஷத்து அரசியல் சட்டத் திருத்தம் அதன் கையைக் கட்டியது. அது நியாயமே. வசையை அடக்க ஆட்சியாளரிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தால், அவர் முதலில் கத்தரிப்பது தம்மைக் குறைகூறும் எழுத்தைத்தான்.

அப்படியானால் பரிகாரம் யாரிடம் உள்ளது? பேசுவோரிடமே உள்ளது. எந்தச் சபைக்கும் அங்கத்தினர் தாமே தேர்ந்த அக்கிராசனர் வேண்டும், விதிகள் வேண்டும், மாற்றான் வாதத்தைக் கேட்கும் பொறுமை வேண்டும். குளிக்க இடம் கேட்டவர்களுக்கு ஒரு காரியம் இருந்தது, சாதித்தார்கள். ஏசியவர்களுக்குக் கோபம் மட்டுமே இருந்தது; அவர்கள் மன்றத்தையே காலிசெய்தார்கள்.

அச்சாதனம் இன்று கோடிக்கணக்கானவர் கையில் இருக்கிறது. அதில் நகரசபைக்கு விண்ணப்பம் எழுதுவதா, அயலானுக்கு வசை எழுதுவதா என்பதை யந்திரம் தீர்மானிக்காது. அந்தப் பொறுப்பு நம்முடையது.