ஆணையால் மண் திருந்துமா?

2021ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல் ஒன்று இந்நாட்டின் வயல்களைப் பட்டினி போட்டது. இரசாயனப் பசளைகளினதும் கிருமிநாசினிகளினதும் இறக்குமதி ஒரே வீச்சில் தடைசெய்யப்பட்டது. பத்தாண்டுகளில் படிப்படியாகச் சேதனப் பசளைக்கு மாறுவோம் என 2019ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்குறுதி தந்தவர்களே, இரண்டாண்டும் பொறுக்காது இதனைச் செய்தனர்.

விளைவு என்ன? நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. ஆனால் பயிர் அதுவரை காத்திருக்கவில்லை. பெரும்போக நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அரிசியில் ஏறக்குறையத் தன்னிறைவு கண்டிருந்த நாடு பிறநாட்டு அரிசிக்குக் கையேந்தியது. சீனாவிலிருந்து கப்பலேறிய சேதனப் பசளையில் தீங்கான பற்றீரியா உண்டெனக் கண்டு அதனை இறக்க அனுமதி மறுத்தனர். இறக்காத பசளைக்கும் பணம் செலுத்த நேர்ந்தது.

இதைக் காட்டிச் சேதன விவசாயமே பொய் என்று சாதிப்போர் இன்று உளர். அவர் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. கமக்காரனைக் கேளாது கட்டளையிடும் ஆட்சிமுறையே இங்கு தோற்றது. பொலன்னறுவை வயலுக்கும் வலிகாமத்துச் செம்பாட்டுத் தோட்டத்துக்கும் ஒரே ஆணை எங்ஙனம் பொருந்தும்?

எமது நிலைமையைச் சற்றே சிந்திப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழையே சுண்ணக்கற் பாறையினூடு இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய்த் தங்குகின்றது. அதையே பருகுகின்றோம், அதையே வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கின்றோம். அளவுக்கு மிஞ்சி இட்ட யூரியாவும், மலகூடக் குழிகளின் கழிவும் சென்று சேர்வதும் அங்கேதான். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துக் கிணறுகள் பல இவ்வெல்லையைக் கடந்துள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. புட்டிப்பால் அருந்தும் பச்சிளங் குழந்தைக்கு அந்நீர் நஞ்சாகும்.

எம் முன்னோர் ஆட்டுப்பட்டி அடைத்தும் பூவரசங்குழை தாழ்த்தும் மண்ணை வளர்த்தனர். அதனால் மட்டும் இன்றைய சனத்தொகைக்கு உணவூட்ட முடியாதென்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. எருவும் குழையும் மண்ணைத் தேற்றட்டும். குறைவதை மட்டும் இரசாயனப் பசளை நிரப்பட்டும். எவ்வளவு குறைகின்றதென்பதை மண் பரிசோதனை சொல்லட்டும். இட வேண்டிய பசளையையும் ஒரே முறையிற் கொட்டாது, பயிரின் பருவமறிந்து பிரித்திடுதல் வேண்டும். தூர்ந்த குளங்களை அகழ்ந்தால் மழைநீர் கடலுக்கோடாது நிலத்தினுள் இறங்கும். பசளையைக் குறைக்கும் கமக்காரன் முதலிரு போகங்களில் நட்டமடைந்தால், அந்நட்டத்தை அரசு தாங்குவதே நீதி.

கற்றோரே, ஆய்வு முடிவுகள் அலுமாரியில் உறங்குவதற்கல்ல. அவற்றைத் தோட்டத்து வரம்புக்குக் கொண்டு வாருங்கள். கமக்காரப் பெருமக்களே, கிணற்று நீரைப் பரிசோதிக்குமாறு கேளுங்கள். முடிவைத் தமிழில் எழுதித் தருமாறும் கேளுங்கள். கொழும்பிலிருந்து மற்றோர் ஆணை வருமுன், எம் மண்ணுக்கேற்ற திட்டத்தை நாமே வகுத்துக்கொள்வோமாக!