இறகை முதலில் பிடுங்கியது யாருங்க?

"எங்க வீட்டுப் பச்சைக்கிளி தன் இறகைத் தானே பிடுங்கிக்குதுங்க, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவலாமா?" என்று கேட்கிறவர்களுக்குப் பொதுவாகச் சொல்கிறேன். தடவாதீங்க. எண்ணெயில் இறகு ஒட்டிக்கொள்ளும். கோதும்போது வயிற்றுக்குள்ளும் போகும்.

கிளியை நன்றாகப் பாருங்க. நெஞ்சும் வயிறும் மொட்டையாகி, தலை மட்டும் பச்சையாக இருந்தால் பிடுங்குவது அதுவேதான். தலைக்கு அதன் அலகு எட்டாது. தலையிலும் கொட்டினால் வைரஸ் நோயாக இருக்கலாம். பேன், சத்துக்குறைவு என வேறு காரணங்களும் உண்டு. அதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்லணும்.

ஆனால் கூட்டமாகப் பறந்து இரை தேடும் உயிரைத் தனியாகக் கூண்டில் தொங்கவிட்டு, தினமும் நெல்லும் கம்பும் மட்டும் போட்டால், பாவம், அது வேறென்னதான் செய்யும்? பிடுங்கிக்கொண்டே இருந்தால் இறகுக்குழி கெட்டு, பிறகு முளைக்கவே முளைக்காது.

"பிள்ளை மாதிரி வளர்க்கறோம்" என்பார்கள். பிள்ளைக்குச் சிறகு வெட்டுவாங்களா? பனை, தென்னைப் பொந்தில் தாயிடமிருந்து குஞ்சைப் பிடுங்கியது மனிதன்தானே?

பச்சைக்கிளி வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022 திருத்தத்துக்குப் பின் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாங்க ஆள் இருக்கிறவரை பொந்தில் கைவிடுகிறவன் நிறுத்த மாட்டான்.

இதைப் படித்துவிட்டு மொட்டைக் கிளியை மாடியில் திறந்துவிடாதீங்க. காக்கையும் பூனையும் விட்டுவைக்காது. வடகோவை வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்க. வெளியூர்க்காரர்கள் பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்குப் போங்க. கிளியைப் பார்க்க ஆசையா? ஒரு கொய்யா மரம் வைங்க, அதுவே வரும்.