யாருக்குக் கை நடுங்குகிறது?



இந்த இதழுக்கு வந்த கதைகளில் ஐந்து, தண்டனைக் கதைகள். பகலெல்லாம் பேங்கில் சலான் பார்த்த கண்ணோடு, ராத்திரி டி. கல்லுப்பட்டி வீட்டு மாடியில் உட்கார்ந்து படித்தேன். ஒன்றில், சொந்த மகனையே கைது செய்ய வேண்டிய இன்ஸ்பெக்டர் விடிய விடியத் தவிக்கிறார். அதே லாக்கப்பில் இன்னொருவனும் கிடக்கிறான். அவனுக்குப் பேர் இல்லை. அவனை அடித்து முடிக்க ஒரே ஒரு வரி. எழுதியது நம் சேரிப் பையன்தான்.

அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். நமக்குக் கதை இப்படித்தான் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனுக்கு உயர்நீதிமன்ற வளாகத்தில் சிலை. கலெக்டர் மனு வாங்கும் நாளுக்கும் மனுநீதி நாள் என்றே பேர். தேரை ஓட்டச் சொல்லி முதலில் ஆணை போனது அமைச்சருக்கு. ஓட்ட மனமில்லாமல் அவர் உயிரை விட்டார் என்கிறது பெரியபுராணம். அவருக்கு எங்கே சிலை? 'தங்கப்பதக்கம்' 1974இல் வந்த படம். மகனைச் சுடும் போலீஸ் அதிகாரிக்காக, டிவியில் எத்தனை தடவை போட்டாலும் எங்க அம்மா அழும்.

சம்பூகன் கதைக்கு வாருங்கள். வால்மீகியின் உத்தர காண்டத்தில் ராமன் சாதியைக் கேட்கிறான், பதில் வந்ததும் தலையைச் சீவுகிறான். மனப்போராட்டம் கிடையாது. பின்னால் வந்த பவபூதி தன் நாடகத்தில் ராமனின் கையைக் கொஞ்சம் தயங்க வைத்தார். வெட்டுப்பட்ட சம்பூகனோ திவ்ய உருவத்தில் எழுந்து வந்து நன்றி சொல்கிறான்! ஆக, கடமை முரணாவது சொந்த ரத்தம் எதிரே நிற்கும்போதுதான். மற்றவன் நின்றால் அது வெறும் வேலை.

புராணம் என்று தள்ள முடியாது. 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை அரசு 2019இல் முன்கூட்டியே வெளியே விட்டது. தண்டிக்கும் கடமை அன்றைக்கு எங்கே போனது?

இமையத்தின் 'பெத்தவன்' 2012இல் வந்தது. தலித் பையனை விரும்பிய மகளைக் கொல்லச் சொல்லி அப்பனுக்கு ஊர் கட்டளை போடுகிறது. அவன் மகளை அனுப்பிவிட்டுத் தான் சாகிறான். அந்தக் கடமையின் யோக்கியதையை அந்தச் சாவு காட்டிவிடுகிறது. நல்ல கதை. ஆனாலும் நம் கண் அப்பன் மேலேயே நிற்கிறது. சேரியிலும் ஒரு அப்பன் இருப்பான் இல்லையா?

எங்க தாத்தாவைச் சொல்கிறேன். பதினாறு வயசில் எங்கப்பா ஊர்த்தெருவில் இறங்காமல் சைக்கிள் மிதித்துப் போய்விட்டார். "ஒம் மகனை நீயே அடி. இல்லேன்னா நாங்க அடிப்போம்" என்று சாவடியில் சொன்னார்கள். ஊர் அடித்தால் உயிர் மிஞ்சாது. தாத்தா புளிய விளாரை எடுத்தார். எங்கே அடித்தால் சத்தம் அதிகமா வரும், வலி கம்மியா இருக்கும்னு கணக்குப் பண்ணித்தான் அடிச்சாராம். அப்பா கத்தியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். கத்தவில்லை. ஊரும் போதும் என்று சொல்லவில்லை. தாத்தா இன்னும் ஓங்க வேண்டியதாயிற்று. சாகிறவரைக்கும் ரெண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இங்கே கடமை எது, பாசம் எது, சொல்லுங்கள். இந்த முரணை எழுத நம்மைத் தவிர ஆள் கிடையாது. நானும் இதுவரை எழுதவில்லை. கவிதையாக்கப் பார்த்தேன், வரவில்லை.

ஐந்து கதைகளையும் திருப்பி அனுப்பிவிட்டேன். இன்ஸ்பெக்டர் கதை எழுதிய தம்பிக்கு மட்டும் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன்: "அந்த இன்னொருவன் யாருப்பா? அவன் பேரென்ன? அவங்க அப்பன் அன்னைக்கு ராத்திரி ஸ்டேஷன் வாசலில் நின்னானா? அதை எழுதி அனுப்பு. அடுத்த இதழில் பக்கம் ஒதுக்கி வைக்கிறேன்."