குண்டும் பந்தும்



படூர்ச் சாலையெங்கும் கணிப்பொறி நிறுவனங்கள். வீட்டில் பிள்ளைகளின் கையிலோ வீடியோ விளையாட்டு. இரண்டுமே போரின் வழிவந்தவை. பீரங்கிக் குண்டு எங்கு விழும் எனக் கணக்கிடவே அமெரிக்க இராணுவம் ‘எனியாக்’ பொறியைச் செய்வித்தது. 1945-இல் அது முடிவுறுமுன் போரே ஓய்ந்தது. முதற்பணியாக அதற்குக் கிட்டியது ஹைட்ரஜன் குண்டுக் கணக்கு!

விளையாட்டின் கதையும் அத்தகையதே. வில்லியம் ஹிகின்பாதம் (நம் சென்னைப் புத்தகக் கடைக்காரரல்லர்) முதல் அணுகுண்டுக்கான மின்னணுக் கருவிகளை அமைத்தோருள் ஒருவர். 1958 அக்டோபரில், புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தைக் காண வந்தோர் சலிப்புறாதிருக்க, ஏவுகணைப் பாதையைக் கணிக்கவல்ல பொறியொன்றில் டென்னிஸ் பந்தைத் துள்ளவிட்டார். ஐந்து அங்குலத் திரைதான். மக்களோ வரிசையில் காத்து நின்றனர். அவர் அதைப் பெரிதாக எண்ணவில்லை, காப்புரிமையும் கோரவில்லை. அணு ஆயுதப் பரவலைத் தடுக்க நெடுங்காலம் உழைத்தார். அதற்காகவே தாம் நினைக்கப்பட வேண்டுமென்பது, 1994-இல் மறைந்த அம்மனிதரின் விருப்பம்.