கர்நாடகப் பள்ளிகளில் வாரம் 6 முட்டை: ஒப்பந்தம் முடிந்த பிறகு என்ன?

பெங்களூரு: கர்நாடகத்தின் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் மாணவர்களுக்கு வாரத்தில் 6 நாள்களும் முட்டை வழங்கப்படுகிறது. இதில் 2 நாள்களுக்கான செலவை மட்டுமே மாநில அரசு ஏற்கிறது. மீதி 4 நாள்களுக்கான செலவை அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை ஏற்றுள்ளது. இதற்காக 2024 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் காலம் 3 ஆண்டுகள். மதிப்பு சுமார் ரூ.1,500 கோடி. 2027-ல் அந்தக் காலம் நிறைவடையும்போது இத்திட்டத்தின் நிலை என்ன என்பதே இப்போதைய கேள்வி.

படிப்படியாக மாறிய கொள்கை

கர்நாடகத்தின் பள்ளி ஊட்டச்சத்துக் கொள்கை சில ஆண்டுகளுக்குள் பலமுறை திருத்தப்பட்டுள்ளது. 2021 டிசம்பரில் பீதர், ராய்ச்சூர், யாதகிரி உள்ளிட்ட 7 மாவட்டங்களில் மட்டும் முட்டை விநியோகம் தொடங்கியது. ஊட்டச்சத்துக் குறைபாடு அதிகமாகக் காணப்பட்ட பகுதிகள் இவை. சில மடாதிபதிகள் எதிர்ப்புத் தெரிவித்தபோதும் விநியோகம் நிறுத்தப்படவில்லை.

முட்டை வழங்கப்பட்ட யாதகிரி மாணவர்களையும் வழங்கப்படாத கதக் மாணவர்களையும் ஒப்பிட்டு ஆய்வு நடத்தப்பட்டது. யாதகிரி மாணவர்களின் உடல் எடையில் நல்ல முன்னேற்றம் இருப்பது அதில் தெரியவந்தது. 2022-ல் ஆண்டுக்கு 46 நாள்கள் என்ற அளவில் அனைத்து மாவட்டங்களுக்கும் திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. 2023-ல் வாரம் 2 நாள்கள் என உயர்த்தப்பட்டு, 10-ம் வகுப்பு வரை நீட்டிக்கப்பட்டது.

முட்டை உண்ணாத மாணவர்களுக்கு வாழைப்பழம் அல்லது கடலை மிட்டாய் வழங்கப்பட்டு வந்தது. சர்க்கரை அளவு, சேமிப்புக் குறைபாடு ஆகியவை சுட்டிக்காட்டப்பட்டதையடுத்து, 2025-ல் கடலை மிட்டாய் கைவிடப்பட்டது.

ஒரு முட்டையின் கணக்கு

மத்திய அரசின் மதிய உணவு விதிமுறைப்படி, தொடக்கப் பள்ளி மாணவருக்கு ஒரு வேளை உணவில் 12 கிராம் புரதம் கிடைக்க வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உள்ளது. அதாவது, தேவையில் பாதியை ஒரு முட்டையே நிறைவு செய்துவிடும்.

ஆனால் ஒரு முட்டைக்கு ஒதுக்கப்பட்ட தொகை 6 ரூபாய். முட்டை வாங்குவது, வேகவைப்பது, தோலுரிப்பது என அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். குளிர்காலத்தில் சில்லறை விலை 7 ரூபாயைத் தொடும்போது, பற்றாக்குறையின் சுமை தலைமை ஆசிரியர்கள் மீது விழுகிறது.

பெங்களூருவில் மற்றொரு சிக்கலும் உண்டு. நகரின் பல பள்ளிகளுக்கு, முட்டை சமைக்காத தன்னார்வ அமைப்பின் மையச் சமையலறையிலிருந்தே மதிய உணவு வருகிறது. அத்தகைய பள்ளிகள் முட்டைக்குத் தனியே ஏற்பாடு செய்தாக வேண்டும்.

சட்டத்தில் இல்லாத உரிமை

2013-ம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 8-ம் வகுப்பு வரை பள்ளி நாள்களில் இலவச மதிய உணவை உரிமையாக்கியது. எனினும் முட்டை அந்த உரிமையில் இடம்பெறவில்லை. அது மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. அண்டை மாநிலமான தமிழ்நாட்டில் 1989-ல் இரு வாரங்களுக்கு ஒரு முட்டை எனத் தொடங்கி, 2010-ல் வாரம் 5 முட்டைகளாக உயர்ந்தது. ஆட்சிகள் மாறியபோதும் அது தொடர்வதற்கு, மாநில அரசின் சொந்த நிதி ஒதுக்கீடே முக்கியக் காரணம்.

கர்நாடகத்தில் அறக்கட்டளையின் பங்களிப்பு மட்டும் சராசரியாக ஆண்டுக்கு ரூ.500 கோடி. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாவிட்டால், அத்தொகையை அரசே ஒதுக்க வேண்டும். இல்லையெனில் விநியோகம் மீண்டும் வாரம் 2 நாள்களாகச் சுருங்கும். வீட்டில் சத்தான உணவு கிடைக்காத மாணவர்களையே அந்த இழப்பு முதலில் பாதிக்கும். எனவே, ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே முட்டைக்கான முழுச் செலவையும் மாநில நிதிநிலை அறிக்கையில் சேர்ப்பதா என்பதை அரசு முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.